மாப்பிள்ளை உட்காரவில்லை

எனக்கு மூலம் இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு கல்யாணத்தையே கெடுத்துக்கொண்டவன் நான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்றால் பஸ்ஸில் பக்கத்து ஆளிடம்கூடப் பெருமையாகச் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் வெட்கம். அந்த இடம் இல்லாத மனிதன் எவனாவது இருக்கிறானா?

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கும் வேலை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுவேன். கடையில் கக்கூஸ் கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டேன். வயிறு கூப்பிட்டாலும் அடக்கிக்கொள்வேன். சாப்பாடு தினமும் பரோட்டா. வாடகை அறையில் பேச ஆள் இல்லாததால் காலையில் செல்போனோடு கக்கூஸுக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். (சிரிக்காதீர்கள். தனியாக இருக்கிறவனுக்கு அதுவும் ஒரு துணை.) முக்கி முக்கி ஒரு நாள் ரத்தம் வந்தது. டாக்டரிடம் போனேனா? மெடிக்கலில் கூட்டம் குறையும்வரை நின்று, "எங்க பெரியப்பாவுக்கு" என்று சொல்லிக் களிம்பு வாங்கினேன். பெரியப்பா செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

இந்த லட்சணத்தில் ஏரியூரிலிருந்து அக்கா போன் செய்தாள். பாப்பாரப்பட்டியில் ஒரு பெண், நம்ம கத்தோலிக்கக் குடும்பம், பெயர் ஸ்டெல்லா. ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. "இதையும் கெடுத்தீன்னா இனிமே உனக்காக நான் அலைய மாட்டன்டா" என்றாள்.

போன அன்று வலி உயிரை எடுத்தது. பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தும் நின்றேன். "ஏன்டா நிக்கிற?" என்றாள் அக்கா. சட்டை கசங்கும் என்றேன்.

பெண் வீட்டில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "ஒக்காருங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா. பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காராமல் நின்றால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நாற்காலியைப் பார்த்தேன். அடுப்பைப் பார்ப்பது போல இருந்தது.

"மொதல்ல ஜெபம் சொல்லிடலாங்க" என்றேன்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஆகா, என்ன நிம்மதி! "அப்ப தம்பியே சொல்லட்டும்" என்றார் அவர்.

சொன்னேன். வீட்டாருக்காக, மாட்டுக்காக, மழைக்காக, பாப்பாரப்பட்டிச் சந்தைக்காக, பிரயாணம் செய்கிறவர்களுக்காக. ஆமென் சொன்னால் உட்கார வேண்டும். அதனால் ஆமென் சொல்லவில்லை. செத்துப்போய் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குப் போனேன். பெரியப்பாவையும் சேர்த்துக்கொண்டேன், களிம்புக் கடன் தீரட்டும் என்று. காபியில் ஆடை படிந்தது. அக்கா முதுகில் கிள்ளினாள். நான் ஜெபமாலையை எடுத்து ஒரு பத்து மணி உருட்ட ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒருவழியாக ஆமென் சொன்னதும், நான் உட்காரும் முன்பே, பேசிவிட்டு வரச் சொல்லி என்னையும் ஸ்டெல்லாவையும் பின்கட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஏங்க, உடம்புக்கு எதுனா முடியலீங்களா? நடக்கறப்பவே பார்த்தன்" என்றாள் ஸ்டெல்லா.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நின்னே பழக்கம்."

"ஜெபம் எப்பவும் இம்புட்டு நேரங்களா?"

"ஆமாங்க. சாமின்னா எனக்கு உசுரு."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். "செரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். அந்த வருடம் முழுக்க என்னிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளிடம்தான் பொய் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவள் அப்பா அக்காவுக்குப் போன் செய்தார். "தம்பி மனசு சாமியாரா போறதுலதாங்க இருக்குது. எங்க வூட்ல ஒக்காரக்கூட இல்ல. ஆண்டவருக்குப் போற புள்ளைய மறிச்ச பாவம் எங்களுக்கு வேணாங்க."

அக்கா கத்திய கத்தலில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "பின்னாடி நோவுதுன்னு சொல்றத வுட்டுட்டு, செத்தவங்களுக்கெல்லாம் வேண்டிக்கிட்டு நின்னியாடா?" என்றாள். அப்போதே போன் போட்டு விளக்குகிறேன் என்றாள். "வேணாங்க்கா, மானம் போயிடும்" என்று தடுத்தது யார்? நான்தான். அந்த வருடமே ஸ்டெல்லாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

அக்கா என்னை இழுத்துப்போய்க் காட்டிய டாக்டரம்மா அவளைவிடக் கோபக்காரி. "மூலம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? ரத்தம் வந்தா வந்து காட்டணும். கக்கூஸ்ல செல்போனுக்கு என்ன வேலை? அஞ்சு நிமிஷத்துல வரலன்னா எழுந்து வாங்க, முக்காதீங்க. வந்தா அடக்காதீங்க. தண்ணி குடிங்க, கீரை, காய், பழம் தின்னுங்க. மணிக்கொரு தடவ எழுந்து நடங்க." அவ்வளவுதான். சில வாரங்களில் சரியாகிவிட்டது. இதற்கா ஒரு வாழ்க்கை?

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்குப் போனால், சாப்பிடும் முன் ஜெபம் யார் சொல்வது என்று பேச்சு வரும். "அவன வுட்றாதீங்க, சோறு ஆறிடும்" என்பாள் அக்கா. வீடே சிரிக்கும். நாற்காலியை முதலில் எனக்குத்தான் போடுவார்கள். நன்றாகவே உட்காருகிறேன். பக்கத்து நாற்காலிக்கு ஆள் இல்லை, என் பையை வைத்துக்கொள்கிறேன்.