நோரா ஒரு தடவைதான் கேட்டாள்

ரெட் மியூல், மொன்டானா
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா ஹெட்விக்குக்கு, அமெரிக்காவில் இருக்கும் தம்பி அல்காட் எழுதிக்கொண்டது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் கறவை மாடுகளும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். அத்தானின் முழங்கால் வலியைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

ஸ்வீடனுக்கே திரும்பி வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? தங்கம் அள்ளப் போனவன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான் என்று தேவாலய வாசலில் நாலு பேர் சிரிப்பார்கள். அதற்கு இங்கேயே கிடந்து மக்கிப்போகலாம்.

சுரங்கத்தைப் பனி உருகும்போதே மூடிவிட்டார்கள். தங்கம் தீர்ந்துவிட்டதாம். உள்ளே கூரைக்கு முட்டுமரம் கொடுத்துக்கொண்டிருந்த என்னை மேலே வா என்றார்கள், வந்தேன், அதோடு வேலை போயிற்று. பிறகு ஊரே கிளம்பிவிட்டது, ஆட்கள் மட்டுமா, வீடுகளும்தான், பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் சவரக்கடையில் எனக்குப் பாதி முகம் மழித்துக்கொண்டிருக்கும்போதே பின்சுவரைக் கழற்ற ஆள் வந்துவிட்டான், சவரக்காரன் கத்தியைத் துடைத்துக்கொண்டு அந்தச் சுவரோடேயே போய்விட்டான். பாதிரியார் போனார், போகும்போது கோயிலில் குளிர் காயும் அடுப்பையும் கொண்டுபோனார். எங்கள் தெருவில் இப்போது நானும் பக்கத்து வீட்டு ஜேகோவும்தான். இங்கிலாந்தில் கார்ன்வால்காரன், வாய் நீளம், மனசு நல்ல மனசு.

இதெல்லாம் போகட்டும் அக்கா. நோரா போய்விட்டாள். அதுதான் தாங்கவில்லை.

நோரா கீகன், அயர்லாந்துக்காரி, விதவை, நான் சாப்பிடும் விடுதியை நடத்தினவள். இந்த ஊருக்கு வந்த முதல் நாள் உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நீட்டினாள். நம் வழக்கப்படி, "ஐயோ, எனக்கெதுக்குங்க" என்றேன். நம் ஊராக இருந்தால் இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள், மூன்றாவதில் அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று நாமும் வாங்கிக்கொள்வோம். இவளோ சரியென்று தட்டை அடுத்தவனுக்கு நீட்டிவிட்டாள். ஒரு வாரம் அரைவயிறு. கடைசியில் ஜேகோதான், "டேய், இங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. பசிச்சா வாயைத் திற" என்றான். சோற்று விஷயத்தில் திருந்திவிட்டேன். கல்யாணத்துக்குமா ஒரே தடவை கேட்பார்கள்? எனக்கு எப்படித் தெரியும்?

போன செவ்வாய்க்கிழமை அவள் சாமான்களை ஏற்ற உதவினேன். எல்லாம் ஏற்றி முடித்ததும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள். "அல்காட், ஸ்போக்கேன்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். பக்கத்துல இடம் இருக்கு. ஏறு. போய்க் கல்யாணம் பண்ணிக்கலாம்."

கால் வண்டிப் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டது. வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?"

அவள் என்னையே பார்த்தாள். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தேன். "சிரமமா? சரி, உன் இஷ்டம்" என்றாள். பின்னாலிருந்த தையல் மெஷினை எடுத்து என் இடத்தில் வைத்தாள். மலைத் திருப்பம் தாண்டும்வரை, எப்படியும் நிறுத்திக் கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை.

"ஏன்டா, ஆசை இல்லியா?" என்றான், பக்கத்தில் நின்ற ஜேகோ.

"ரொம்ப இருக்கு."

"அப்புறம் ஏன்டா வேணாம்னு சொன்னே?"

"எடுத்த எடுப்புல சரின்னா, அலையறான்னு நினைக்க மாட்டாளா?"

"ஊர்ல ஆளே இல்ல. அலையறவன்னு நினைச்சாத்தான் என்னடா கொறஞ்சுபோச்சு?"

விருந்து வீட்டில் முதல் தடவையே கை நீட்டினால் மேசைக்கடியில் தொடையைக் கிள்ளுவாளே அம்மா, அவளைச் சொல்வதா, என்னைச் சொல்வதா? நோராவை எனக்கு அவ்வளவு பிடிக்கும் அக்கா. ஒரு வார்த்தை, சரி என்கிற ஒரே வார்த்தை, வாயில் வரவில்லை.

ஆகையால் இனி எனக்கு எங்கேயும் போக்கிடம் இல்லை, போகும் ஆசையும் இல்லை. என்னை எதிர்பார்க்காதே. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அத்தானுக்கு என் வணக்கம், மாடுகளுக்கும் நான் கேட்டதாகச் சொல்.

உன் உதவாக்கரைத் தம்பி,
அல்காட்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போனேன். தபால் நிலையத்தையும் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ரயிலடிக்கே நடந்து வந்தேன். வந்த இடத்தில் ஸ்போக்கேனுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இந்தத் தடவை கேட்கப்போகிறவன் நான். நோரா வேண்டாம் என்றால் கலங்கமாட்டேன். நம் வழக்கப்படி இன்னும் இரண்டு தடவை இருக்கிறது.