தூரத்துத் தங்கச்சி கேட்ட முதல் வடை

இனிமேல் இந்த ஜென்மத்தில் ஆறிய வடையைத் தின்பதில்லை என்று புரூஃப் சார் ஒரு மதிய இடைவேளையில் சபதம் செய்தார். பெரிய சபதம்தான். ஆனால் அதைச் செய்யும்போது வாய் நிறைய ஆறிய வடை இருந்ததால் சொற்கள் சரியாக வெளியே வரவில்லை. பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த பைண்டிங் அண்ணன், "என்ன சார், விக்குதா? தண்ணியைக் குடிங்க" என்றார்.

புரூஃப் சாருக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற உத்தியோகம். கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளையின் பெயரும் மாமனாரின் பெயரும் இடம் மாறிவிடாமல் ஊரார் மானத்தைக் காப்பாற்றி வருகிறவர். அடுத்தவர் பிழையைத் திருத்தியே பிழைக்கிற மனுஷன். ஆனால் சொந்த வீட்டில் ஒரு காற்புள்ளியை நகர்த்தக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது.

விஷயம் இதுதான். அவருடைய வீட்டம்மா இணையத்தில் ஒரு சமையல் பக்கம் நடத்துகிறார். சைவச் சமையல் மட்டும். எல்லாம் வீட்டிலேயே செய்தது. பக்கத்தின் பெயர் 'சுடச்சுட'. அந்தப் பெயரை வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் எதையும் சூடாகச் சாப்பிட்டதில்லை.

ஏனென்றால் படம் எடுக்காமல் பண்டத்தைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். குழம்பு கொதித்து இறங்கும். உடனே ஜன்னலோரத்துக்குப் போகும். அடியில் ஒரு துணி விரிப்பார்கள். அந்தத் துணி சரியில்லை என்று வேறு துணி வரும். மேலே கறிவேப்பிலை ஒன்று வைக்கப்படும். அது சிரிக்கவில்லை என்று வேறு கறிவேப்பிலை வரும். பிறகு வீட்டம்மா ஸ்டூலில் ஏறி நின்று படம் பிடிப்பார். ஸ்டூலைப் பிடிப்பது புரூஃப் சார். குழம்பு முகத்துக்கு நேராக இருக்கும், வாய்க்குத்தான் எட்டாது.

சாதாரண நாளிலே இந்தக் கதி என்றால், கொண்டாட்ட நாளைக் கேட்கவே வேண்டாம். வீட்டம்மாவுக்கு எல்லாமே மைல்கல்தான். நூறாவது குறிப்புக்கு அல்வா. ஆயிரமாவது வாசகருக்கு போளி. யாரோ ஒரு மகராசி முதன்முதலாகத் திட்டி எழுதியதற்குக்கூட, "நம்மளைப் பாத்தும் ஒருத்தர் பொறாமைப்பட ஆரம்பிச்சுட்டாங்க" என்று பால் பாயசம். கொண்டாட்டப் பலகாரம் என்றால் பூ, விளக்கு, பித்தளைத் தட்டு என்று அலங்காரமும் அதிகம். கொண்டாட்டம் எவ்வளவு பெரிதோ, சோறு அவ்வளவு ஜில்லென்று இருக்கும்.

"சொல்லிப் பாக்க வேண்டியதுதானே சார்?" என்றார் பைண்டிங் அண்ணன்.

"சொல்லாம இருப்பேனா? 'ஏம்மா, ஒரே ஒரு வடை, எண்ணெயில இருந்து எடுத்த கையோட குடு'ன்னு கேட்டேன். 'வடை எங்க ஓடிடப் போகுது'ன்னா. அண்ணே, வடை ஓடாது. சூடு ஓடிடுதே!"

"ஏழை சொல்லு அம்பலம் ஏறாதும்பாங்க. புருஷன் சொல்லு அடுப்படி ஏறாது. படிக்கிறவங்க சொன்னா கேப்பாங்களா?"

"அதெல்லாம் கேப்பா. யாரோ ஒருத்தி 'ரசம் இன்னும் தெளிவா இருக்கலாம்'னு எழுதினா, ஒரு வாரம் எனக்கு ரசந்தான்."

"அப்ப நீங்களே ஒரு வாசகரா ஆயிடுங்க."

"என் பேர்லயா?"

"உங்க பேர்ல எழுதினா அது கருத்து இல்ல சார், குடும்பச் சண்டை. வேற பேர்ல எழுதுங்க."

அன்று மதியமே, அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தத்தின் நடுவே, 'தூரத்துத் தங்கச்சி' பிறந்தாள். தாலி கட்டின பெண்டாட்டியை 'அக்கா' என்று எழுதப் புரூஃப் சாருக்கு முதலில் விரல் கூசியது. வடையை நினைத்துப் பார்த்தார். கூச்சம் போய்விட்டது.

'அக்கா, உங்கள் இட்லி கண்ணுக்கு விருந்து. ஒரே ஒரு குறை. படத்தில் ஆவியே தெரியவில்லை. ஆவி பறக்கப் பரிமாறினால்தானே அது இட்லி?' என்று தங்கச்சி எழுதினாள்.

சாயந்திரம் வீடு திரும்பியபோது வீட்டம்மா வாசலிலேயே நின்றார்.

"என்னங்க, ஒரு பொண்ணு எழுதியிருக்கா பாருங்க. ஆவி தெரியணுமாம்."

"நியாயந்தானே?" என்றார் புரூஃப் சார், செருப்பைக் கழற்றுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டு. "சூடா இருக்கும்போதே சட்டுபுட்டுனு வேலையை முடிச்சுட்டா எல்லாருக்கும் நல்லது."

"ஆமாங்க. நானும் யோசிச்சுட்டேன்."

வீட்டம்மா யோசித்ததன் பலன் மறுநாள் தெரிந்தது. ஜன்னலோரத்தில் ஆறிப்போன இட்லி. அதற்குப் பின்னால், படத்தில் விழாதபடி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் புரூஃப் சார். கையில் கொதிக்கிற வெந்நீர்ச் சொம்பு. ஆவி இட்லிக்கு மேலே அழகாகப் பறந்தது. "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. ஆடாதீங்க. மூச்சு விடாதீங்க, ஆவி கலையுது" என்று ஸ்டூலின் மேலிருந்து உத்தரவுகள் வந்தன. கைதான் சூடாயிற்று. இட்லி, கேட்கவே வேண்டாம்.

"சுத்தி வளைச்சது தப்பு சார். நேரா விஷயத்துக்கு வாங்க" என்றார் பைண்டிங் அண்ணன்.

நேராகவே வந்தார். 'அக்கா, எங்கள் வீட்டு முறையே வேறு. அடுப்பிலிருந்து இறங்கியதும் முதல் வாய் என் வீட்டுக்காரருக்கு. படமெல்லாம் அப்புறம்தான். அவர் சாப்பிட்டுச் சிரிக்கிற சிரிப்பை விட நல்ல படம் உண்டா?' அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிழை திருத்துகிறவன் கை சும்மா இருக்குமா? 'நேற்றைய தக்காளி ரசம் பிரமாதம். உப்பு மட்டும் ஒரு கல் கம்மி' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டம்மா அதை உரக்கப் படித்தார். உப்பு வரி வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சரியாத்தாங்க சொல்லியிருக்கா. கம்மிதான்."

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் புரூஃப் சார். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள இவ்வளவு நல்ல வழி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

"இவ வீட்டுக்காரர் கொடுத்து வச்சவரு. முதல் வாய் அவருக்குத்தானாமே. அப்படி என்ன செய்யறாரு அவரு? கேக்கறேன் பாருங்க."

கேட்டும் விட்டார். பக்கத்தைப் படிக்கிற அத்தனை பேரும், 'ஆமாம், சொல்லுங்க தங்கச்சி' என்று கூடிவிட்டார்கள். புரூஃப் சாருக்கு இப்போது கௌரவப் பிரச்சினை. ஒன்றும் செய்யாத மனுஷனுக்கு முதல் வாய் என்றால் எந்தப் பெண் ஒத்துக்கொள்வாள்? ஆகவே அள்ளி விட்டார். எழுத்துக்கு என்ன செலவு? 'என் வீட்டுக்காரர்தான் மாவு அரைப்பார். தேங்காய் துருவுவார். வெங்காயம் நறுக்குவார். பாத்திரத்தை நான் தொட்டால் கோபித்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் தட்டின் முன் உட்காருவார்.'

பெண்கள் உருகிப்போனார்கள். 'இப்படியும் ஒரு மனுஷனா' என்று ஒருத்தி எழுதினாள். 'இவருக்கு அண்ணன் தம்பி உண்டா' என்று இன்னொருத்தி விசாரித்தாள். வீட்டில் எழுந்தால் தங்கச்சி புருஷன், உட்கார்ந்தால் தங்கச்சி புருஷன். இல்லாத ஒரு ஆளின் மேல் புரூஃப் சாருக்கு உண்மையாகவே பொறாமை வந்தது.

ஐநூறாவது குறிப்பு நெருங்கியது. வீட்டம்மா பக்கத்தில் அறிவித்தார்: 'வரும் ஞாயிறு உளுந்து வடை, பாயசத்தோடு கொண்டாட்டம். இந்தத் தடவை தங்கச்சி வீட்டு முறைப்படி. முதலில் சூடாகப் பரிமாறல், அப்புறம்தான் படம். தங்கச்சி, நீயும் அவசியம் வரவேண்டும்.'

புரூஃப் சார் அச்சகத்தில் துள்ளிக் குதித்தார். 'ரொம்ப தூரம் அக்கா, வர முடியாது. மனசார வாழ்த்துகிறேன்' என்று தங்கச்சியைக் கௌரவமாக ஒதுக்கி வைத்தார். பைண்டிங் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. காக்கை கரைவதற்கு முன்பே போர்வை உருவப்பட்டது.

"எழுந்திருங்க. உளுந்து ஊறிடுச்சு."

"ஊறட்டுமே. எனக்கென்ன?"

"தங்கச்சி வீட்டு முறைங்க. மாவு யார் அரைக்கறது? மறந்துட்டீங்களா?"

மறக்க முடியுமா? எழுதியவரே அவர்தானே. கிரைண்டர் முன் உட்கார்ந்தார். மாவு வழுக்கியது, தெறித்தது, மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது. தேங்காய் துருவினார், அதில் விரலும் கொஞ்சம் துருவிக்கொண்டார். வெங்காயம் நறுக்கி அழுதார். அழுகையில் பாதிதான் வெங்காயத்தால். பாத்திரத் தொட்டி நிறைந்து வழிந்ததைப் பார்த்தபோது, தங்கச்சி புருஷனின் பாத்திர ஆசையைப் பற்றி எழுதிய வரியை மட்டுமாவது அடித்திருக்கலாமே என்று தோன்றியது. போகட்டும், ஒரு நாள் கூத்துதானே, முடிவில் சூடான வடை இருக்கிறது என்று தேய்த்தார்.

வடையும் வந்தது. பொன்னிறம். நடுவில் ஓட்டை. மேலே எண்ணெய் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. புரூஃப் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத் தவம். கையை நீட்டினார்.

"இருங்க."

"படமா?" என்றார், அலறாத குறையாக.

"சேச்சே. சொன்ன சொல்லு சொன்னதுதான். படம் அப்புறந்தான். தங்கச்சி வந்துடட்டும்."

"எந்தத் தங்கச்சி?"

"எனக்கு எத்தனை தங்கச்சி? கூடப் பிறந்தது ஒரு தம்பி. தூரத்துத் தங்கச்சிங்க! காலையில போன் பண்ணினா. வண்டி ஏறிட்டாளாம்."

புரூஃப் சாருக்குத் தலை சுற்றியது. தான் பெற்ற பிள்ளை தனக்கே தெரியாமல் போன் செய்கிறது, வண்டி ஏறுகிறது!

"போன்லயா? குரல் எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் கட்டைக் குரல். ஆனா நல்ல பொண்ணு."

"வர முடியாதுன்னுதானே எழுதியிருந்தா?"

"மனசு மாறாதா?"

"மாறாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புரூஃப் சார் வடையைப் பார்த்தார். முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

"சரிம்மா, அவ வரட்டும். நான் ஒண்ணே ஒண்ணு..."

"விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு நாம முந்திக்கறதா? முதல் வடை தங்கச்சிக்குத்தான். இவ்வளவும் யாரால? அவளாலதானே?"

"அவ வந்தப்புறம் புதுசா சுட்டுக் குடேன்."

"எண்ணெயை இறக்கிட்டேன்."

ஆவி மெலிந்தது. புரூஃப் சார் வாசலைப் பார்த்தார். வாசல் காலியாக இருந்தது. அது காலியாகத்தான் இருக்கும் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடு போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் மூளையில் ஒரு பொறி தட்டியது. முதல் வடை தங்கச்சிக்கு. தங்கச்சி யார்? அப்படியானால் முதல் வடை யாருக்கு? மானமா வடையா என்று பார்த்தார். மானத்தை ஆற வைத்தாலும் கெடாது.

"நான்தாம்மா அது!"

"எது?"

"தங்கச்சி!"

"எந்தத் தங்கச்சி? புரியும்படியா சொல்லுங்க."

"தூரத்துத் தங்கச்சின்னு இத்தனை நாளும் எழுதினது நான்தான். உன்னை அக்கான்னு கூப்பிட்டதும் நான்தான். தங்கச்சியும் இல்ல, அவ புருஷனும் இல்ல. சூடா ஒரு வடை திங்கத்தான் இவ்வளவும். போதுமா?"

வீட்டம்மா ஆச்சரியப்படவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்படி?"

"படத்தைப் பாத்து நிறம் நல்லா வந்திருக்குன்னு சொல்லலாம். அழகா இருக்குன்னு சொல்லலாம். உப்பு கம்மின்னு சொல்ல முடியுமா? அந்த ரசத்தைக் குடிச்சது நீங்களும் நானுந்தான். நான் எழுதலை."

புரூஃப் சார் தலையைக் குனிந்துகொண்டார். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படுகிறது, தன் பிழை ஒன்று பட்டதா?

"கோவமா?"

"கோவம் எதுக்கு? கல்யாணம் ஆனதுல இருந்து 'பிரமாதம்'ன்னு ஒரு வார்த்தை உங்க வாயில இருந்து வந்ததில்ல. தங்கச்சி வாயால வந்துச்சே, அது போதும்."

அதைச் சொன்னபோது வீட்டம்மாவின் குரல் நிஜமாகவே இளகியிருந்தது. இனிமேல் தினமும் ஒரு தடவையாவது புரூஃப் சார் சொந்த வாயால் பாராட்டிவிடுவது என்று தீர்மானித்தார். அதை இந்த வடையிலிருந்தே தொடங்கலாம் என்று பட்டது.

"அப்ப சாப்பிடலாமா?"

"தாராளமா."

வடையை எடுத்தார். கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் சூடு அதில் மிச்சம் இருந்தது. வாயருகே கொண்டுபோனார். அதற்குள் வீட்டம்மா அலமாரிப் பக்கம் போய், மாவு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தார்.

"ஐநூறாவதுக்கு வீடியோவாவே போட்டுடலாம்னு இருக்கேங்க. வடையைக் கீழ வச்சுட்டு, ஜன்னல் பக்கமா திரும்பி, 'நான்தான் தங்கச்சி'ன்னு இன்னொரு தடவை சொல்லிடுங்க. முகத்துல வெளிச்சமே விழலை."