இருமல் மரபணு கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான மகத்தான சாதனை, எண்ணூர்க் குப்பம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, போண்டா வருவதற்குச் சற்று முன்பாக நிகழ்ந்தது. மீன் விற்கும் மங்கம்மாவுக்கு அதை முன்வரிசையில் அமர்ந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

பாக்கியம் சும்மா வரவில்லை. அவள் மகள் நர்மதாவுக்கு இரண்டு வருடமாக மூச்சு இழுப்பு. பக்கத்துக் கம்பெனிப் புகைதான் காரணம் என்று மனு மேல் மனு போட்டாள். அது நிரூபணமானால் புகைக்கூண்டை மூடியாக வேண்டும். அரசு உடனே 'உயர்மட்ட ஆய்வுக்குழு' அமைத்தது. உடனே என்றால், பதினான்காவது மனுவுக்கு.

குழுத்தலைவர் முனைவர் நோயல் ஆறு மாதம் குப்பத்திலேயே அறை எடுத்துத் தங்கி உழைத்தார். இருமுகிறவர்கள் நூறு பேரின் ரத்தம் ஒரே தெருவில் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, இருமாதவர்கள் நூறு பேர் வேண்டுமே! குப்பத்தில் அப்படி ஒரு பிறவி அகப்படவில்லை. சொந்த ஊரான பெரம்பூரில் நடந்த மைத்துனன் கல்யாணத்தில், பந்திக்கு உட்கார்ந்த சொந்தக்காரர்களிடமே ரத்தம் எடுத்து முடித்தார்.

இருநூறு பேரின் மரபணுத் தகவலும் ஓர் இணையதளத்தில் ஏற்றப்பட்டது. புள்ளியியல் படிக்கும் 'பழங்காலக் கொடுமை' அங்கே கிடையாது. பொத்தானை அமுக்கினால் நாலே நிமிடத்தில் உண்மை. இரு தரப்பும் ஒரே வம்சமா, எங்கே வசிக்கிறார்கள் என்று அந்தத் தளம் மரியாதையாகக் கேட்கத்தான் செய்தது. நோயல் 'தவிர்' என்பதை அமுக்கி அறிவியலை விரைவுபடுத்தினார்.

புதன்கிழமை கூடத்துத் திரையில், மரபணுக்களைக் குறிக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகள் தரையோடு கிடந்தன. ஓர் இடத்தில் மட்டும் செங்குத்தாக ஏறின.

"இன்னா சார், கம்பெனி புகைக்கூண்டு மாதிரியே கீது?" என்றாள் மங்கம்மா.

"அதுதாம்மா இருமல் மரபணு. உங்க ஆளுங்க ரத்தத்துல இருக்கு, பெரம்பூர்ல எங்க ஆளுங்க ரத்தத்துல இல்ல. புகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கம்பெனி அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். பதினான்கு மனு போட்டவளே கடைசியில் குற்றவாளி, பெற்றவள் அவள்தானே!

"அப்போ என் ரத்தம்தான் என் பொண்ணு மூச்ச நெரிக்குதா?"

"அறிவியல் பொய் சொல்லாதும்மா" என்ற நோயல் மேலே பேச வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. கர்ச்சீப்பை எடுத்துப் பொத்தியும் நிற்கவில்லை. ஜன்னலை மூடச் சொல்லிக் கைகாட்டினார்.

மங்கம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"எத்தினி நாளா சார் இது?"

"இங்க வந்த... ரெண்டாம் மாசத்துலேர்ந்து."

"குடி நைனா" என்று அவர் முதுகைத் தடவிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"யாராச்சும் பெரம்பூருக்குப் போயி சாரோட அம்மாவாண்ட சொல்லிட்டு வாங்கபா. புள்ள அவங்களுது இல்லியாம். எங்க குப்பத்துல பொறந்ததுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சி."