அப்பாவுக்கு இளைப்பு வந்த கதை

வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவன் ஒருவன் இருந்துவிட்டால் எந்த மிஷினும் நிம்மதியாகச் சாக முடியாது. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு கூச்சமே இல்லாமல் போய் நிற்பேன்.

என் தங்கை மாலதிக்கு பிரான்சிலிருந்து வரன் வந்திருந்தது. பையனுக்கும் அவளுக்கும் போனில் பேசிப் பேசி ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. மிச்சம் இருந்தது பையனின் அப்பா. அவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆகி அங்கேயே தங்கிவிட்டவர். காபி ஆறியிருந்தது என்பதற்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாம் என்றவர் என்று தரகர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எங்களை வீடியோவில் பார்ப்பார். பிடித்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. மாலதி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

குடும்பம் மொத்தமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பது அவர் உத்தரவு. போன் போதாது என்று எங்கள் பழைய லேப்டாப்பை நான்தான் சிபாரிசு செய்தேன். சித்தப்பா பாரிசிலிருந்து லீவில் வந்தபோது விட்டுவிட்டுப் போனது அது. (பிரெஞ்சுக்காரர்களின் கீபோர்டு, ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். என் பெயரைக்கூட நான் அதில் ஒழுங்காக அடித்ததில்லை.)

ஞாயிறு காலை அதைப் போட்டதும் கிர்ர்... டக்... கிர்ர்... என்று ஒரு சத்தம். காதை வைத்துக் கேட்டேன். இடது பக்கம் தட்டினேன், வலது பக்கம் தட்டினேன். முகத்தைப் பெரிய டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"என்னாடா, பொழைக்குமா?" என்றார் அம்மா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கடலோரம் வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு எல்லாப் பழுதுக்கும் ஒரு காரணம் கைவசம் உண்டு. "உள்ள ஈரம் பூந்துடுச்சும்மா. உப்புக்காத்து" என்றேன். மழையில் நனைந்த என் போனை ஒருமுறை அரிசிக்குள் புதைத்துப் பிழைக்க வைத்திருந்தேன். ஆகவே லேப்டாப்பையும் அரிசி டிரம்முக்குள் முழுக்க மறையும்படி இறக்கினேன். லேப்டாப்புக்குப் பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்கும் என்பது கம்ப்யூட்டர் படித்த எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் எடுத்துப் போட்டபோது சத்தம் மாறியிருந்தது. இப்போது கொர்ர்ர்... புஸ்ஸ்... கொர்ர்ர்... மாலதி மேசையில் உதிர்ந்திருந்த பொன்னி அரிசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் திரையில் அவர்கள் வந்துவிட்டார்கள்.

நடுவில் சொல்தா, மீசையோடு. ஒரு பக்கம் அவர் மனைவி, மறுபக்கம் பையன். இந்தப் பக்கம் லேப்டாப்புக்கு மிக அருகில் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சொல்தா கையைத் தூக்கினார்.

"இருங்க. அங்க யாருக்கு மூச்சு வாங்குது?"

ஓட்டை லேப்டாப்பை வைத்துக்கொண்டு சம்பந்தம் பேசுகிறோம் என்று சொன்னால் மானம் என்ன ஆவது? வாய் முந்திக்கொண்டது.

"அப்பாவுக்குங்க. லேசா இளைப்பு."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஜலதோஷத்துக்குக்கூட மாத்திரை போடாத மனுஷர்.

சொல்தாவின் முகம் மாறிவிட்டது. "இளைப்பா? பரம்பரையா வர்றதா?"

அம்மா முந்தானையைச் சுருட்டத் தொடங்கினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கொர்ர்ர் என்று லேப்டாப் வேறு எனக்குச் சாட்சி சொன்னது. மாலதியின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதைப் பார்த்தபோது, பேசாமல் போய்க் கடலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

அவள்தான் முன்னால் வந்தாள். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்க அண்ணன் இந்த லேப்டாப்ப அரிசில பொதைச்சு வெச்சிடுச்சு. உள்ள அரிசி சுத்துது, அந்த சத்தந்தான். காட்டறேன் பாருங்க."

லேப்டாப்பைத் தூக்கிக் கவிழ்த்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். பிரான்சில் அவர்களுக்கு எங்கள் சீலிங் ஃபேனும் தரையும் மாறி மாறித் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் அரிசிகூட விழவில்லை. அதைவிட மோசம், சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. (காலையிலிருந்து கத்திய சனியன்.) அவ்வளவு நேரமும் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா அப்போது பார்த்து இருமினார். கண் பிதுங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்வரை இருமினார்.

சொல்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அப்பாவ விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு என்னா கதை சொல்லுது பாரு இந்தப் பொண்ணு" என்றார் மனைவியிடம். "இந்த மாதிரி ஒண்ணுதான் நம்ம வீட்டுக்கு வேணும்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த வீட்டில் உண்மை மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயைத் திறப்பதில்லை. சம்பந்தி ஊருக்கு வரும்போதெல்லாம் பிரான்சிலிருந்து இளைப்புக்கு மருந்து வாங்கி வருகிறார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி பீரோவில் அடுக்கி வைக்கிறார். வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் அம்மா சமையல்கட்டிலிருந்து குரல் கொடுக்கிறார்: "சம்பந்தி வந்துட்டாரு, இருமுங்க."

அப்பா என்னை முறைத்துக்கொண்டே இருமுகிறார்.