அப்பாவுக்கு நான் எழுதிய ஆங்கில விண்ணப்பம்

என் அப்பாவை நான் ஒருமுறை ஆங்கிலத்தில் திட்டியிருக்கிறேன். அதுவும் எழுத்தில், அழகான கையெழுத்தில், அவர் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கும்படி.

அப்போது கல்லூரியில் முதல் வருடம். "ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் குடும்பமே பின்னால் வரும்" என்றார் ஆங்கில மிஸ். கேர் என்றால் கவனம். ஃபுல் சேர்த்தால் கவனம் நிறைந்த கேர்ஃபுல்; லெஸ் சேர்த்தால் கவனமே இல்லாத கேர்லெஸ். ஸ்லோவோடு லி சேர்த்தால் மெதுவாக. (இவ்வளவுதானா! இதற்கா பன்னிரண்டு வருடம் பயந்தேன்?)

வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அப்பா வீட்டில்தான் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஒயிட் டவுனில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு மதாமுக்குத் தோட்டம், கட்டடம் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று தகவல் வந்தது. பிரான்சில் வளர்ந்த தமிழம்மா. தமிழ் பேசுவார், படிக்க வராது.

"இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடு பாப்பா" என்றார் அப்பா.

எழுதினேன். அப்பா கடினமாக உழைப்பவர். கடினம் ஹார்ட், லி சேர்த்தேன், ஹார்ட்லி. கூச்ச சுபாவம் உள்ளவர். வெட்கம் ஷேம்; ஃபுல் சேர்த்தேன், ஷேம்ஃபுல். பெரியவர்களிடம் பயபக்தி உள்ளவர். அதற்கு அகராதியில் 'ஆ' (awe) என்றிருந்தது. அதற்கும் ஒரு ஃபுல், ஆஃபுல்.

அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் இருவரும் போனோம். தேய்த்த சட்டையில் அப்பா விறைப்பாக நின்றார். மதாம் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நீங்க வேலையே செய்ய மாட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"கேவலமான ஆளுன்னு போட்டிருக்கு. பெரியவங்ககிட்ட ரொம்ப மோசமா நடந்துக்குவீங்களாமே?"

"பொண்ணு காலேஜ் படிக்கிதும்மா" என்றார் அப்பா. "அது எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்."

வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அழுதுகொண்டே ஒவ்வொரு சொல்லையும் எப்படிச் செய்தேன் என்று சொன்னேன். மதாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"அப்ப என்னா எழுதணும்னு சொல்லிக் குடுங்கம்மா. திருத்திக்கும்."

மதாமின் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்து ஹார்ட்லியில் இருந்த லியை மட்டும் அடித்தார். "இந்த வால எடுத்துட்டா கடினமான உழைப்பாளிதான். மத்த ரெண்டும் வேணாம், நானே பாத்துத் தெரிஞ்சுக்கறேன். திங்கக்கெழம வந்துடுங்க."

முழங்கால் வலி வந்து வேலையை விடும்வரை அப்பா அங்கேதான் இருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்தேன், என்னைப் பெண் பார்க்க வரும்வரை.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். "பொண்ணு கொணம் எப்படிங்க?" என்று அவர் அம்மா கேட்டார்.

அப்பா முகத்தில் சலனமே இல்லை. "ரொம்ப ஷேம்ஃபுல்லுங்க. பெரியவங்ககிட்ட ஆஃபுல்லா நடந்துக்கும்."

மாப்பிள்ளைக்குக் காப்பி புரையேறியது. அவர் தலையைத் தட்டிவிட்டபடியே அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கல்யாணமாகிப் பல வருடமாகிவிட்டது. பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை வரும்போதெல்லாம், "நானும் ஹார்ட்லி வேலை செய்யறேனே!" என்கிறார் கணவர். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை.