அசிட்டிக் அண்ணனின் நாலு சட்டை

அசிட்டிக் அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரர் திருவண்ணாமலையில் நாலு கோபுரத்துக்கு நடுவிலும் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் ஊர் தாங்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம். செங்கம் ரோட்டு ஹாஸ்டலில் எனக்கு அறைத்தோழர். அடி அண்ணாமலைக்காரர். வேதியியலில் ஒரே ஒரு அரியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாய்மொழித் தேர்வில் அசிட்டிக் அமிலத்தின் காரத்துவம் எத்தனை என்று கேட்க, இவர் அதிலிருக்கும் ஹைட்ரஜன்களை எண்ணி "நாலு" என்றுவிட்டார். இருப்பது கணக்கில்லையாம், காரத்தோடு சேரும்போது விட்டுக்கொடுப்பதுதான் கணக்காம். அசிட்டிக் அமிலம் கொடுப்பது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் கார்பனை விட்டு அசையாது. அந்தப் பதிலால் வந்ததுதான் பெயர்.

அன்றிலிருந்து மனிதர் அந்தப் பாடத்தை விடவே இல்லை. ஒரு காரம் எத்தனை ஹைட்ரஜனை அடக்கும் என்பது அதன் அமிலத்துவம்; அதை வைத்து ஆட்களை அளந்தார். எங்கள் சமையல்காரர் காஸ்டிக் சோடா. "அமிலத்துவம் ஒண்ணு. ஒரு நேரத்துல ஒருத்தன் ரகளையத்தான் அடக்குவாரு." வார்டன் நீற்றின சுண்ணாம்பு. "அமிலத்துவம் ரெண்டு. ஒரே அதட்டுல ரெண்டு பேரு காலி."

அண்ணனிடம் நாலு சட்டை. நீலச் சட்டையை யார் கேட்டாலும் கொடுப்பார். பாதி ஹாஸ்டல் அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டுடியோவில் படம் எடுத்தது. மற்றவை பெட்டிக்குள் பூட்டு. ஒன்று மறுதேர்வுக்கு, ஒன்று வேலைக்குச் சேரும் நாளுக்கு, ஒன்று கல்யாணத்துக்கு.

"அந்த வேலைச் சட்டையாவது குடுங்கண்ணா."

"அது கார்பன்ல ஒட்டிக்கினு கீது. கழலாது, போடா."

எனக்கு வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் நேர்காணல் வந்தது. வீடே அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது. அதே காலையில் அண்ணனுக்கு மறுதேர்வு, அதுவும் கடைசி வாய்ப்பு. நீலச் சட்டையை முன்பே சொல்லிவைத்திருந்தேன். முந்தின நாள் அதைப் போட்டுக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் பழகப் போனவர் கந்தக அமிலத்தைச் சிந்திக்கொண்டு வந்தார். வயிற்றுப் பக்கம் சல்லடை. என்னிடமிருந்த இரண்டிலும் காலர் கிழிசல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் என் கட்டில்மேல் தேர்வுச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அண்ணன் ஓட்டைச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ரெண்டாவது கழண்டுடுச்சே?"

"எங்க கழண்டுது? இனிமே அதான் குடுக்கற சட்டை. இது என் எக்ஸாம் சட்டை. கணக்கு ஒண்ணுதான். கெளம்பு."

"வேலைச் சட்டைய நீங்க போட்டுக்கலாமில்ல?"

"வேல கெடைக்காம அதப் போட்டா நான் மனுசனா?"

தேர்வாளர் முதலில் கேட்டதே "என்னய்யா சட்டை இது?" என்றுதானாம். "சல்ஃபியூரிக் ஆசிட் சார். காரத்துவம் ரெண்டு" என்றிருக்கிறார் அண்ணன். "அப்ப அசிட்டிக்?" "நாலு வச்சிருக்கும் சார், ஒண்ணுதான் குடுக்கும்." தேர்வாளர் சிரித்து, மார்க்கையும் போட்டுவிட்டார். எனக்கும் வேலை கிடைத்தது.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. ஆனாலும் எத்தனை அண்ணன் என்று யாராவது கேட்டால், ஒருத்தர் என்றுதான் சொல்கிறேன்.