கழட்டியர் நம்பிய ஒரே ஆள்

கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவர்களுள் மனிதரை அறவே நம்பாத ஒருவர் இருந்தாரென்றால் அது கழட்டியர்தான். அவருடைய சொந்தப் பெயரை மனைவியே மறந்திருப்பார் என்று பகிடி விடுவார்கள். எதைக் கொண்டுபோனாலும் முதலில் கழற்றி மேசை நிறையப் பரப்பிவிடுவார். அதனால் வந்த பெயர்.

"மெசின் பொய் சொல்லாது. கொண்டு வாறவர்தான் சொல்லுவார்" என்பார். கடையில் வாடிக்கையாளருக்கென்று ஒரு கதிரை உண்டு. அதில் இருத்தி விசாரித்த பிறகே திருகாணியைத் தொடுவார். "தானாப் பழுதாப் போச்சு" என்றவர்களை உடனே எழுப்பி அனுப்பிவிடுவார். கனகராயன்குளத்துக்காரர் ஒருவர் கணினியை மடியில் வைத்தபடி இரண்டு தரம் பஸ்ஸில் வந்து திரும்பினார். அது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததை மூன்றாம் தரம்தான் ஒப்புக்கொண்டார். விசைப்பலகையில் ஒன்றும் ஊற்றுப்படவில்லை என்று சத்தியம் பண்ணிய ஆசிரியை ஒருவரின் முன்னால் அதைக் கவிழ்த்துத் தட்டினார். எறும்புகள் வரிசையாக வெளியே வந்தன.

"இவையெல்லாம் உங்களிட்டப் படிக்க வந்த பிள்ளையளோ, ரீச்சர்?"

இப்படிப்பட்டவர் ஒரேயொரு மனிதரை நம்பினார். அது நான்.

ஜெயபுரத்தில் எங்கள் வீட்டில் மகள் நிலானியின் கணினி இருந்தது. வெளிநாட்டிலிருந்து மைத்துனர் அனுப்பியது. பெரிய விளையாட்டுகளுக்கென்று செய்யப்பட்டதால், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் அட்டைகள் இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சோடி சேர்க்கப்பட்டிருந்தன. மகள் அதில் விளையாடவில்லை. விளையாட்டுகளுக்கான வீடுகளையும் காடுகளையும் வரைந்தாள். வெளிநாட்டு நிறுவனமொன்று வேலை கொடுக்குமுன் அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தது: காட்சியொன்றை வரைந்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

செவ்வாய் பின்னேரம் இடி முழங்கியது. இடி கேட்டால் வன்னியில் முதல் வேலை வீட்டிலுள்ள வயர்களைப் பிடுங்குவது. எங்கள் வீட்டில் அந்த உரிமை எனக்கு மட்டும். மழை விட்ட பிறகு திரும்பப் பூட்டினேன். விசிறிகள் சுழன்றன, நிறநிறமாக விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பு.

புதன் காலை ஆட்டோவில் ஏற்றிக் கழட்டியரிடம் கொண்டுபோனேன். கதிரையில் இருத்தினார்.

"இடிக்குக் கழட்டினதைத் திருப்பி எப்பிடிப் பூட்டினனீங்கள்?"

"இருந்தபடியே" என்று, கையோடு கொண்டுபோயிருந்த என் நாட்குறிப்பை விரித்துக் காட்டினேன். '4.10: வயர்கள் ஐந்தும் கழற்றப்பட்டன. 5.25: ஐந்தும் பூட்டப்பட்டன.'

இரண்டு தரம் வாசித்தார். "இப்பிடி எழுதி வைக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன், அண்ணை."

அட்டைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தார், சோடியாகவும் பூட்டிப் பார்த்தார். அவருடைய திரையில் படம் பளிச்சென்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்; கறுப்பு. வியாழனும் அதே கதை. கடையில் வெளிச்சம், வீட்டில் இருட்டு. வேறு யாரென்றாலும் உண்மை வரும்வரை கதிரையை விட்டு எழ விட்டிருக்கமாட்டார். எனக்காக அவர் எங்கள் வீட்டுக் கரண்டைச் சந்தேகித்தார், எங்கள் திரையைச் சந்தேகித்தார், பூநகரி றோட்டின் குலுக்கலைக்கூடச் சந்தேகித்தார். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

வெள்ளி இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் அவரே வந்தார். மேசைக்குப் பின்னால் குனிந்து வயர்களைப் பார்த்தவர் மகளின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, குடிக்கத் தண்ணி கொண்டு வாறீங்களோ?"

நிலானி குசினிக்குள் போனாள். அவர் திரையின் வயரைக் கீழ் அட்டையிலிருந்து பிடுங்கி மேல் அட்டையில் செருகினார். படம் வந்தது.

"இது ரெண்டும் சோடியா ஓடேக்க படம் மேலாலதான் வரும், அண்ணை. கீழால வராது."

இடிக்கு முன் வயர் மேலேதான் இருந்தது. ஆனால் மேலே செருகினால் கோணலாகத் தொங்கும். கீழே செருகினால் நேராக நிற்கும். இரண்டும் ஒன்றுதானே என்று, அந்த மூன்று நாளும் நான் அதை வடிவாக, நேராகப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

செம்போடு வந்த மகள் திரையைப் பார்த்தாள். "என்ன பிழை, அங்கிள்?"

"ரெண்டு அட்டையையும் தொடுக்கிற பாலம் சரியாப் பூட்டுப்படேல்லை. கடையில நான் விட்ட பிழை, பிள்ளை."

"மூண்டு நாள்! இதுக்கோ மூண்டு நாள்? உங்களுக்கெல்லாம் ஏன் ஒரு கடை?" சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "ரெண்டு மணித்தியாலத்தில நான் எதை வரையிறது?"

அவர் தண்ணீரைக் குடித்துமுடித்துச் செம்பை மேசையில் வைத்தார். நான் நாட்குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசல் படலைவரை அவரோடு போனேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"என்னோட கோவிச்சாவெண்டால் வேற கடைக்குப் போவா. உங்களோட கோவிச்சாவெண்டால் எங்க போவா, அண்ணை?"

காட்சி பாதியில் நின்றது. அப்படியே நிலானி அனுப்பினாள், பதில் வரவில்லை. கழட்டியரின் கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அவருடைய விசாரணையில் புண்பட்டவர்கள் ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர். அவர்கள் அதை இன்னும் நீட்டிச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் கடை பூட்டுப்பட்டது. இப்போது நெளுக்குளத்தில் யாரோ ஒருவரின் கடையில் கைபேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார் என்று கேள்வி. அந்த வெள்ளிக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் நான் எழுதியது, 'கணினி திருத்தப்பட்டது' என்ற இரண்டு சொற்கள்தான்.

நிலானி இந்த இதழைத் தவறாமல் வாசிப்பவள். வாசித்துவிட்டு எத்தனை நாளென்றாலும் என்னோடு கதைக்காமல் இருக்கட்டும்; அந்த மனிதரைக் குறைவாகச் சொல்லும் ஒரு சொல் எங்கள் வீட்டில் இனி வேண்டாம்.